பனியன் என்று சொல்ல என்ன கூச்சம்?

வணக்கம். இந்த அரங்கில் பாதிப் பேர் டி-ஷர்ட்டில்தான் வந்திருக்கிறீர்கள், நானும் அப்படித்தான். ஆனால் திருப்பூரில் போய்க் கேட்டால் இதை உள்ளே போட்டாலும் வெளியே போட்டாலும் பனியன் என்றுதான் சொல்வார்கள், வேலைக்குப் போகிறவரும் "பனியன் கம்பெனிக்குப் போறேன்" என்பார். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன்.

குஜராத்தியில் வாணியோ என்றால் வணிகர். கடல் கடந்து வியாபாரம் செய்த அவர்களைப் போர்ச்சுகீசியர் பனியன் என்றார்கள், ஆங்கிலேயரும் அப்படியே அழைத்தார்கள், ஆலமரத்துக்கு அவர்கள் வைத்த 'பனியன் மரம்' என்ற பெயர்கூட அதன் நிழலில் உட்கார்ந்து வியாபாரம் பேசிய இந்த வணிகர்களால் வந்ததுதான். அப்புறம் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இறுக்கமான கோட்டைக் கழற்றிவிட்டு வீட்டில் போட்டுக்கொள்ளும் தொளதொள அங்கிக்கும் ஐரோப்பாவில் அந்தப் பெயர் வந்தது. 1666-இல் லண்டனில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீஸ் தன் படத்தை வரையக் கொடுத்தபோது ஓர் இந்திய அங்கியை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டார், அந்தப் படம் இன்றும் லண்டனில் இருக்கிறது. இந்தியாவில் அந்தப் பெயர் கடைசியில் உள்சட்டைக்கு வந்து நின்றது. பெயர் பெரிய பயணம் போய்விட்டு வந்திருக்கிறது!

துணியின் கதை வேறு. வேட்டி, சேலை எல்லாம் பாவும் ஊடுமாக நெய்தவை. பனியன் துணி பின்னல், ஒரே நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் போகிறது, இழுத்தால் வளையம் விரியும், விட்டால் சுருங்கும். அதனால்தான் பொத்தானே இல்லாமல் தலை வழியாக மாட்ட முடிகிறது. இந்தப் பின்னலைச் செய்யும் முதல் இயந்திரத்தை 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ செய்தார், காலுறைக்காக.

அமெரிக்கக் கடற்படை 1913-இல் அரைக்கை வெள்ளை உள்சட்டையை, அதாவது நாம் இன்று டி-ஷர்ட் என்பதை, சீருடையில் சேர்த்தது. வெயிலில் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு அதோடு வேலை பார்த்தார்கள். 1942 ஜூலையில் லைஃப் பத்திரிகையின் அட்டையிலேயே எழுத்து அச்சிட்ட டி-ஷர்ட்டோடு ஒரு வீரர் வந்துவிட்டார். 1951-இல் மார்லன் பிராண்டோ திரையில் அதைப் போட்டு நின்றதைச் சொல்லாத ஆளில்லை, ஆனால் என்னைக் கேட்டால் வெயிலில் உழைத்தவர்கள்தான் இதை வெளிச்சட்டை ஆக்கினார்கள்.

சரி, திருப்பூருக்கு வருவோம். உள்ளூர் பனியனில் தொடங்கிய ஊர் 1970-களின் பிற்பகுதியில் ஏற்றுமதிக்குத் திரும்பியது. நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக் தையல், செக்கிங் என்று ஒரு துணி பல கைகள் மாறி வருகிறது, குறையுள்ள செகண்ட்ஸ் சரக்கு காதர்பேட்டைச் சந்தைக்குப் போகிறது. அந்தச் சாயத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, கீழே இருந்த விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. அவர்கள் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே திகைத்து நின்றது, வேலை போன குடும்பங்களின் வலி பெரிது, ஆனாலும் அந்த விவசாயிகள் கேட்டது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இன்று ராத்திரி உங்கள் டி-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் தையலே இல்லை என்றால் அந்தத் துணி வட்டப் பின்னல் இயந்திரத்திலிருந்து குழாயாகவே இறங்கி வந்தது. தையல் இருந்தால் அது ஓவர்லாக், யாரோ ஒருவர் மெஷினில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஓட்டியது.