கீரைத்தண்டு பிடுங்க ஏலேலோ பாட்டா?

(மலையகத் தோட்டமொன்றின் மாதர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மாதர் சங்கத் தலைவி அவர்களே, நடுநாயகமாக வீற்றிருக்கும் பிரதேச சபையின் கௌரவ உறுப்பினர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு மத்தியில் துணைவியாரையும் அழைத்து வந்திருக்கும் தோட்ட முகாமையாளர் அவர்களே, கிராம சேவகர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தின் திறப்பைத் தந்த கோயில் பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, குடும்பநல உத்தியோகத்தர் அவர்களே (இந்தப் பிள்ளை என்னிடம்தான் ஏழாம் வகுப்பு படித்தது, கணக்குப் பாடம் என்றால் அழும், இன்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நிறை பார்த்துக் குறித்து வைக்கிறது), கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா அம்மா அவர்களே, கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையை இறக்கிய கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமாரே, தங்கச்சிமாரே, வாசலில் நின்று பீடி குடித்துக்கொண்டிருக்கும் அண்ணன்மாரே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன வருஷம் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலவரைச் சொல்ல மறந்து, ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. தலவர் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, குறைந்த செலவில் குடும்பத்துக்கு ருசியான கீரைக்கறி. காலையில் சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்: "ஒரு கீரைக்கறிக்கு மேடை, மைக், பொன்னாடையா? கீரைத்தண்டு பிடுங்க ஏலேலோ பாட்டா?" பாரம் இழுக்கிறவர்கள் மூச்சுப் பிடித்துக் கூட்டமாகப் பாடுகிற பாட்டு ஏலேலோ. இரண்டு விரலால் பிடுங்குகிற கீரைக்கு அது எதற்கு என்று கேலி செய்கிற பழமொழி. என் அம்மாவின் வாயில் இது எப்போதும் இருக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று சங்கதி பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, எப்படிச் சமைப்பது. இரண்டு, என்ன செலவு. மூன்று, கீரையைக் கண்டால் ஓடுகிற பிள்ளையை எப்படிச் சாப்பிட வைப்பது.

சமையல் என்று சொன்னதும் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாததா? ஆனால் பத்து வீட்டில் ஏழு வீட்டில் கீரையை அவித்துக் கொல்கிறோம். சட்டி நிறையத் தண்ணீர் வைத்து, மூடிபோட்டு, அரை மணிநேரம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வாசலில் ஊற்றிவிடுகிறோம். சத்தில் பாதி தண்ணீர்ப் பீலிப் பக்கம் ஓடிவிடுகிறது. மிச்சமிருக்கிற பச்சைச் சாணி மாதிரியான ஒன்றைப் பிள்ளை சாப்பிடவில்லை என்று அடிக்கிறோம்.

கீரையைப் பொடியாக நறுக்கித் தேங்காய்ப்பூவோடு வதக்குகிற மல்லும் எப்படிச் செய்ய வேண்டும்? முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவினால் சாறு போய்விடும். பொன்னாங்கண்ணியை, கடையில் கேட்கும்போது நாம் முகுணுவென்ன என்கிறோமே அதை, எவ்வளவு பொடியாக நறுக்க முடியுமோ அவ்வளவு பொடியாக நறுக்குங்கள். சட்டியில் வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு, ஒரு சிட்டிகை மஞ்சள். கீரையைப் போட்டு, மூடாமல், பெரிய நெருப்பில் நாலு பிரட்டுப் பிரட்டுங்கள். இலை வாடியதும் தேங்காய்ப்பூ, இருந்தால் கொஞ்சம் இடித்த மாசிக் கருவாடு. உப்பு கடைசியில்தான். முதலில் சட்டி நிறைய இருக்கிற கீரையைப் பார்த்து உப்புப் போட்டால், அது வதங்கி ஒரு பிடி ஆனபிறகு கடல் தண்ணீர்தான். இறக்கி வைத்து, சூடு கொஞ்சம் அடங்கியதும் தேசிக்காய் பிழியுங்கள். அந்தப் புளி ருசிக்கு மட்டுமல்ல, கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு இழுத்துக்கொள்ளவும் அதுதான் உதவுகிறது.

தேங்காய் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது என்று அங்கே ஒரு அக்கா முணுமுணுக்கிறார். உண்மைதான். ஒரு பிடி கச்சானை, நிலக்கடலையைத்தான் சொல்கிறேன், வறுத்து இடித்துப் போட்டுப் பாருங்கள். அப்புறம் தேங்காய்தான் வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வல்லாரைக்கு அடுப்பே வேண்டாம், பச்சையாகச் சம்பல். ஆனால் நாம் இருக்கிற லயத்து வரிசை வீடுகளின் சாக்கடைக் கான் ஓரத்தில் முளைத்ததைப் பிடுங்கிவந்து பச்சையாகத் தின்னாதீர்கள். அந்தக் கானில் என்னென்ன ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். பரங்கிக் கொழுந்தும் சவ்சவ் கொழுந்தும் நாரை உரித்துவிட்டுப் பருப்போடு போட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும். கொழுந்து எடுக்க நமக்கு யாரும் பழக்க வேண்டியதில்லை. நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும், தேயிலையில் பார்க்கிறதுதான். பீட்ரூட் இலை, நோக்கோல் இலை, முள்ளங்கி இலை எல்லாம் மாட்டுக்குப் போகிறது. மாடு கொழுத்து நிற்கிறது. மாட்டுக்காரரைச் சொல்லவில்லை, கோபிக்காதீர்கள்.

இன்னொரு விஷயம் சொன்னால் முகாமையாளர் ஐயா என்னை முறைக்கக் கூடாது. சோறும் கீரையும் சாப்பிட்டு, கை காயுமுன் சாயத்தண்ணி, அதாவது வெறும் தேத்தண்ணி, குடிக்கிறோம் அல்லவா? அந்தச் சாயத்தில் இருக்கிற துவர்ப்பு, கீரையின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்தால், அதையும் சாயத்தண்ணியோடுதான் விழுங்குகிறோம். தேயிலை பறிக்கிற கைக்கு இரத்தம் குறைந்ததில் தேயிலைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஒரு மணிநேரம் கழித்துக் குடியுங்கள். குடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா, தோட்டத்துக்கு நட்டம் வராது.

சரி, செலவுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு அம்மாவின் ஞாபகம் வருகிறது.

1974. மாவுக்கும் அரிசிக்கும் தோட்டமே தவித்த காலம். எனக்கு ஒன்பது வயது. அப்பா இல்லை. கடைசிக் காம்பரா எங்களுடையது, பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதில் ஐந்து பேர். லயத்துக் கானுக்கும் தேயிலைக்கும் நடுவில் ஒரு சரிவு கிடந்தது. ஒன்றுக்கும் உதவாத கல்லு மண். அம்மா வேலைவிட்டு வந்து, இருட்டில் கல்லைப் பொறுக்கி, சாம்பலும் சாணியும் போட்டு முளைக்கீரை விதைத்திருந்தார். சிவப்புத் தண்டு, முழங்கால் உயரம். நான்தான் காவல், கோழி விரட்ட.

ஒருநாள் காலையில், தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ஐயா வந்தார். பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். காக்கிக் காற்சட்டை, தொப்பி, கையில் ஒரு பிரம்பு. "தேயிலைக்குப் போட்ட ஒரமெல்லாம் ஒன் கீரைக்கா போவுது? இன்னைக்கே புடுங்கணும்" என்று சொல்லி, கூட வந்த இரண்டு ஆட்களைக் காட்டினார். அந்த ஆட்களும் எங்கள் லயத்துக்காரர்கள்தான். ஒருவர் எனக்கு மாமா முறை. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா போர்த்தியிருந்த கொங்காணியைக்கூட அவிழ்க்கவில்லை. "கீரைத்தண்டு புடுங்க ஏலேலோ பாட்டா ஐயா? ரெண்டு ஆளு எதுக்கு, நானே புடுங்குறேன்" என்று சொல்லிக் குனிந்து, வரிசையாகப் பிடுங்கி, ஒரு இலை வீணாகாமல் மடியில் கட்டிக்கொண்டு தேயிலை மலைக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் பிடித்தது மழை. ஆனி மாத மழை எப்படி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லயத்துக்குக் கீழே வளைவில் டமார் என்று ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால் மோட்டார் சைக்கிள் கானில் கிடக்கிறது, கண்டக்டர் ஐயா சேற்றில் கிடக்கிறார், தொப்பி தண்ணீரோடு போய்க்கொண்டிருக்கிறது. நான் தொப்பியைத் துரத்திக்கொண்டு ஓடினேன். காலையில் கீரை பிடுங்கத் தயங்கின அதே இரண்டு பேரும் அவரைத் தூக்கிவந்து எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். முழங்கால் கிழிந்து இரத்தம். அம்மா சுடுதண்ணீரில் துடைத்துத் துணி கட்டிவிட்டார். மழை விடவில்லை. மனிதருக்குப் பசி. கேட்க வெட்கம்.

உள்ளே என்ன இருக்கிறது? அவித்த மரவள்ளிக் கிழங்கும் அந்தக் கீரையும்தான். தண்டைத் தனியாக வதக்கி, இலையை மல்லும் பண்ணியிருந்தார். பீங்கானில் போட்டுக் கொடுத்தார். ஐயா முதலில் நுனி விரலால் தொட்டார். பிறகு கையால் அள்ளினார். இரண்டாம் தரம் வாங்கினார். மூன்றாம் தரம் போட்டபோது அது என் பங்கு என்று எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டே நின்றேன். பீங்கானை வழித்துவிட்டுக் கேட்டார்: "என்ன கீரை இது? எங்க வாங்கின?"

அம்மா நிதானமாகச் சொன்னார்: "வாங்கலீங்க ஐயா. காலையில நீங்க புடுங்கச் சொன்னதுதான்."

(சபையில் நீண்ட சிரிப்பு, கைதட்டல்)

அவர் ஒன்றும் பேசவில்லை. தகரத்தில் மழை மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டு வந்து, சரிவில் இருந்த ஒரு கல்லைப் பிரம்பால் தட்டி, "இதுக்கு இங்கிட்டு நட்டுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு வருஷம் கீரை சாப்பிட்டோம். பரங்கி போட்டோம், அவரை போட்டோம். அப்புறம் அவருக்கு மாற்றம் வந்தது. வந்த புது ஆளுக்கு அந்தக் கல்லும் தெரியாது, எங்கள் வீட்டுக் கீரையும் தெரியாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்து எறிந்தார்கள். எதைக் காட்டி மறிப்பது? எங்களிடம் இருந்தது ஒரு கல்தான், கடதாசி இல்லை.

கீரை செலவில்லாத கறி என்று எல்லாரும் சொல்கிறார்கள். காணி இருக்கிறவனுக்குச் செலவில்லை. நமக்கு அது டவுனில் காசு கொடுத்து வாங்குகிற கட்டு, பஸ் கட்டணம் சேர்த்து. நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆனது, 2024இல் 1350 ஆனது. சம்பளம் ஒரு படி ஏறுவதற்குள் கடை இரண்டு படி ஏறிவிடுகிறது. 2023இல், நம் ஆட்கள் இந்த மலைநாட்டுக்கு வந்து இருநூறு வருஷம் ஆயிற்று என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, கடைசி நாள் நானும் போய் நடந்தேன். இருநூறு வருஷம் இந்த மண்ணைக் கொத்தியவர்களுக்குக் கீரை போட ஒரு பாத்தி மண் சொந்தமில்லை. ஏழு பேர்ச் காணி என்று எத்தனை மேடையில் கேட்டுவிட்டோம்! ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1900 சதுர அடி. நான் இன்று அவ்வளவுகூடக் கேட்கவில்லை. காணி உறுதி வருகிறபோது வரட்டும், அதற்குப் பிரதேச சபை உறுப்பினர் அவர்கள் குரல் கொடுப்பார் என்று நம்புகிறேன், தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை லயத்து வாசலில் வீட்டுக்கு ஒரு பாத்தி, மூன்றடிக்கு ஆறடி. அதை யாரும் பிடுங்கக் கூடாது என்று தோட்ட நிர்வாகம் எழுத்தில் ஒரு கடிதம் தர வேண்டும். வாயால் சொல்வது போதாது ஐயா. நீங்கள் நல்லவர், எங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் ஒருநாள் மாற்றம் வரும்.

என் வீட்டுக்காரருக்கும் இதுதான் பதில். கீரைத்தண்டு பிடுங்க ஏலேலோ பாட்டு வேண்டாம். நடுவதற்கு மண் கேட்கத்தான் வேண்டும். ஒரு வீடு தனியாகக் கேட்டால் அது அம்மாவின் கல் மாதிரிப் போய்விடும். நூற்றுச் சொச்சம் வீடும் சேர்ந்து இழுத்தால்...

தலைவி மணியை அடித்துவிட்டார். பிள்ளைகளைச் சாப்பிட வைக்கிற கதை பாக்கி இருக்கிறது. ரொட்டி மாவில் பொடியாக நறுக்கிப் பிசைந்து சுட்டுக் கொடுங்கள், மிச்சத்தைத் தேத்தண்ணி நேரத்தில் கேளுங்கள். தேத்தண்ணியைப் பற்றி நான் சொன்னதையும் மறக்காதீர்கள்.

வாசலில் இரண்டு சாக்கில் பொன்னாங்கண்ணித் தண்டு கொண்டுவந்து வைத்திருக்கிறேன். கணுவோடு வெட்டி ஈர மண்ணில் குத்தினால் பிடித்துவிடும். வீட்டுக்கு ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள், வாடுவதற்கு முன் இன்றைக்கே நடுங்கள். பக்கத்து மேசையில் கடிதத்துக்குக் கையெழுத்துத் தாள் இருக்கிறது. ஒரே ஒரு பேனாதான், கட்டி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மை இருக்கிறது. பீடி அண்ணன்மாரும் வாருங்கள், முதல் வரியைத் தலவருக்காக விட்டு வைத்திருக்கிறேன். வணக்கம்.