கத்தரிக்காய்க் கூடையும் நாலு பேரும்

நேயர்கள் அனைவருக்கும் காலை வணக்கம்.

வேலூர் மாவட்டத்தில் எங்கள் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்தில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குத் தனி மரியாதை. காம்பில் இருக்கும் முள் கையைக் கீறிவிடும். குழம்பில் போட்டால் வெண்ணெயாய்க் கரையும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கத்தரிக்காயில் ஒரு கூடையை ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியவன் நான்.

கடையில் இல்லை, எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில்; விளைச்சலுக்கு நன்றி சொல்லும் பண்டிகை அது. சபைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். முதற்பலனாக, அதாவது விளைச்சலின் முதல் பங்காகப் படைத்த பூசணி, வாழைத்தார், நாட்டுக்கோழி எல்லாம் ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் ஏலத்துக்கு வரும். அன்றைக்குக் கூடை முந்நூறில் ஆரம்பித்தது. எதிர்ப்பக்கம் என் சம்பந்தி நின்றிருந்தார். அவர் ஆயிரம் என்றார், நான் இரண்டாயிரம் என்றேன். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். கைதட்டல். ஆயர் ஒலிபெருக்கியில் என் பெயரை இரண்டு தரம் சொன்னார். அது காணிக்கைதானே, கோயிலுக்குத்தானே போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அதே வாரம் எதிர்வீட்டு ஆயா கண்ணுக்கு மருந்து வாங்க ஐந்நூறு ரூபாய் கேட்டு வந்திருந்தார். "அடுத்த மாசம் பாக்கலாம் ஆயா" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அதைப் பார்க்க அங்கே நாலு பேர் இல்லை.

"நாலு பேர் என்ன சொல்வாங்க?" இந்தக் கேள்வி நம் வீடுகளில் ஜெபத்தைவிட அதிகமாக ஒலிக்கிறது. அந்த நாலு பேர் யார் என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியில் எத்தனை இலை, பையனுக்கு எந்தக் கல்லூரி, எல்லாவற்றையும் அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

வேதாகமத்தில் யோவான் சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் எனக்கு உறுத்துகிற ஓர் இடம் உண்டு. அதிகாரிகளில் அநேகர் இயேசுவிடம் விசுவாசம் வைத்தார்கள். ஆனாலும் ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கி விடுவார்களே என்று வாயைத் திறக்கவில்லை. 'அவர்கள் தேவனால் வருகிற மகிமையிலும் மனுஷரால் வருகிற மகிமையை அதிகமாய் விரும்பினார்கள்' என்கிறது வசனம். கவனியுங்கள், அவர்கள் விசுவாசிகள். முன்வரிசையில் உட்காருகிறவர்கள். என்னைப்போல.

இந்த நாலு பேர் பயம் உயிரையும் வாங்கும். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மாவின் கதை நம் வட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று மனைவிகளும் பிரசவ வேதனையில். வீட்டில் ஐடாவின் அப்பா, அமெரிக்க மிஷனரி டாக்டர், தயாராக இருந்தார். ஆண் மருத்துவர் வந்து பார்ப்பதை அவர்கள் வழக்கம் ஒப்பவில்லை, திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இல்லை. அந்த மூன்று ஆண்களும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. இருட்டில் உதவி தேடி ஓடி வந்தவர்கள். ஊர் என்ன சொல்லும் என்ற நினைப்பு அவர்கள் கால்களைக் கட்டியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவுக்குத் திரும்பி அங்கேயே வாழ்ந்துவிட வேண்டும் என்று இருந்த ஐடா, மருத்துவம் படித்துவிட்டு வேலூருக்கு வந்தார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கப் போனபோது, மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிய காரியம் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். வந்தது 151. முதல் அணியில் 14 பேர் 1922-இல் படித்து முடித்தார்கள். மூன்று விண்ணப்பம்தான் வந்திருந்தாலும் அவர் பள்ளியைத் திறந்திருப்பார் என்றே நினைக்கிறேன். 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்' என்பதுதானே அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த சி.எம்.சி.யின், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின், குறிக்கோள் வாக்கியம்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "நான் கர்த்தருக்கு மட்டும்தான் கணக்குக் கொடுப்பேன்" என்று சொல்லிப் பாஸ்டரேட் கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில், வரவு செலவைக் காட்டாமல் நழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்த உரை வசதியாகப் போய்விடக் கூடாது. மனுஷரைப் பிரியப்படுத்தினால் நான் கிறிஸ்துவின் ஊழியக்காரனல்ல என்று கலாத்தியருக்கு எழுதிய அதே பவுல், ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, 'கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்' என்கிறார். பணத்தைத் தனியாளாகக் கொண்டுபோகாமல் சபைகள் தெரிந்துகொண்ட ஒரு சகோதரனையும் கூட அனுப்புகிறார். கணக்கை ஊருக்கு முன் விரித்து வைக்க வேண்டும். கைதட்டலைத்தான் ஊரிடம் கேட்கக் கூடாது. இரண்டையும் நாம் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

திட்டு வாங்கினால் முழங்காலில் நிற்கத் தோன்றும். புகழ் வந்தால் அது தோன்றுவதில்லை. அந்த ஏலத்தன்று இரவு நான் ஜெபம் செய்யாமலே தூங்கிவிட்டேன். நிறைவாகத் தூங்கினேன் என்பதுதான் வெட்கம்.

கூடையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மூன்று நாள் நாங்களே சாப்பிட்டோம். நான்காம் நாள் மீதியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாய். ஆயா கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்தார். "மருந்து வாங்கிட்டேன் நைனா. பக்கத்து வீட்டுப் புள்ள வாங்கியாந்து குடுத்துச்சு." அந்தப் பிள்ளை சபைக்கு வருகிற பிள்ளையும் அல்ல.

இந்த வருஷம் ஏலத்தில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னா அண்ணே, கேக்கலியா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். காது சுட்டது. அன்று காலையிலேயே காணிக்கையைப் பெயர் எழுதாத உறையில் போட்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

இந்த உரையை எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். "அப்போ அடக்கிக்கினு, இப்போ ரேடியோவுல சொல்லப் போறியா?" என்று கேட்டாள் என் மனைவி. அந்த இடத்தை அடித்துவிடலாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வணக்கம்.