சன்னல் பக்கம், சுவர் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு செவிலியர். சேலம் கன்னங்குறிச்சியில், மூக்கனேரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். வீட்டில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்வதற்காக வேலையை விட்டவர்கள் மறுபடி வேலைக்குப் போவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். 2012-ல் நான் வேலையை விட்டேன். 2019-ல் திரும்பப் போனேன். இடையில் ஏழு வருஷம்.

2019 ஜனவரியில் ஒரு மருத்துவமனைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். எதிரில் இருந்தவர் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "ஏழு வருஷம் சும்மாவா இருந்தீங்க?" என்றார். "ஆமாங்க சார், வீட்லதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. அவர் கேட்டதுகூடப் பெரிதில்லை. "ஆமாங்க" என்று நானே சொல்லிவிட்டேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சும்மாவா இருந்தேன்? மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. யாராவது ஒருத்தர் வீட்டோடு இருந்தாக வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அந்த ஒருத்தர் யார் என்று யாரும் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வரும். ராத்திரிக்கும் அதே கணக்குத்தான். ஏழு வருஷத்தில் அவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. வார்டில் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டால் மேட்ரன் எல்லார் முன்னாலும் பேர் சொல்லிப் பாராட்டுவார். 2018-ல் இரண்டாம் தடவை வந்தது. விழுங்க முடியாமல் போய் மூக்கு வழியாக ட்யூப் போட்டார்கள். அதற்குப் பிறகு வேளாவேளைக்கு வடிகட்டிய கஞ்சி, ட்யூப் வழியாக.

வார்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் வந்ததும் 'ஹேண்ட்ஓவர்' கொடுப்போம். கட்டில் கட்டிலாகக் கூட்டிப் போய், இவருக்கு எத்தனை மணிக்கு என்ன மருந்து போனது, சிறுநீர் எவ்வளவு போனது, ராத்திரி தூங்கினாரா என்று சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போட்டு ஒப்படைப்போம். ஒப்படைக்காமல் ஒரு நர்ஸ் வார்டை விட்டுக் கிளம்ப முடியாது. வீட்டில் நான் ஏழு வருஷம் ஒரே ஷிப்டில் நின்றேன். ஒப்படைக்க ஆள் இருந்தார்கள். ஒப்படைக்கலாம் என்பதுதான் தோன்றவில்லை. மாமாவுக்கு எந்தத் தலையணை, எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, எந்த முனகல் வலிக்கு, எந்த முனகல் தண்ணீருக்கு, எல்லாம் என் தலைக்குள் மட்டுமே இருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட வீடு ஸ்தம்பித்தது.

வேலைக்குத் திரும்புவது என்றால் எல்லாரும் பயோடேட்டா எழுதுவதில் ஆரம்பிக்கிறார்கள். முதலில் எழுத வேண்டியது வீட்டின் ஹேண்ட்ஓவர் நோட்டு. நான் அனுபவத்தில் கண்டது இதுதான்.

நேர்முகத் தேர்வு முடிந்து வந்த அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நூல் கட்டி, அடுப்படி ஆணியில் மாட்டினேன். என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் முதல் பக்கத்தில் படம் போட்டேன். ஒரு சன்னல், ஒரு சுவர். மாமாவின் கட்டிலுக்கு ஒரு பக்கம் சன்னல், மறுபக்கம் சுவர். ஆறு மணிக்குச் சன்னல் பக்கம், எட்டு மணிக்குச் சுவர் பக்கம். மணி பார்க்க அத்தைக்குத் தெரியும். போன தடவை எந்தப் பக்கம் என்பதுதான் மறந்துவிடும். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டிலுக்கு அடியில் இரண்டு கிண்ணம், ஒரு புளியங்கொட்டை. மாமாவைச் சன்னல் பக்கம் திருப்பினால் கொட்டை சன்னல் பக்கத்துக் கிண்ணத்துக்குப் போகும். இத்தனை வருஷம் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மயிரிழை மாதிரிக் கண்ணியைக் கோத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற கை. அந்தக் கை, அப்பாவின் மூக்கு ட்யூபைப் பிடித்தபோது நடுங்கியது. முதல் நாள் சிரிஞ்சை வைத்துக் கஞ்சியை அழுத்தித் தள்ளிவிட்டார். மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. "என்னால ஆகாது, நீயே பாரு" என்று எழுந்தார். நான் அன்றைக்கு வாங்கிக்கொள்ளவில்லை. தலையணை வைத்து மாமாவின் தலையை உயர்த்தினேன். சிரிஞ்சைத் தூக்கிப் பிடியுங்கள், தானாக இறங்கட்டும், முடிந்ததும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், அரை மணி நேரத்துக்குப் படுக்க விடாதீர்கள் என்று பக்கத்தில் நின்று சொன்னேன். கை பழக மூன்று வாரம் ஆனது. அதன் பிறகு காலைக் கஞ்சி அவர் பொறுப்பு. பட்டறைக்கு ஒன்பதரைக்குப் போனார். பட்டறை ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது. அது தனிக் கணக்கு. 299 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு. இந்த ஐந்து மணி நேரத்தை யாரும் பங்குபோட்டுக்கொள்ளாமல், "தைரியமா வேலைக்குப் போம்மா" என்று ஒரு பெண்ணிடம் சொல்வது, இன்னொரு ஷிப்டை அவள் தலையில் ஏற்றுவதுதான். அம்மாவைப் பார்க்கக் கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்த பையன்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் அம்மா ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். கார்த்திகை, மார்கழிக் குளிரில் விடியற்காலை என்னைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டுக் கூடையோடு போவார். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. மருத்துவமனை மாதிரி இடங்களில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்பது 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் வந்தது. பேறுகால விடுப்பு 26 வாரமானதும் அப்போதுதான். மலையில் கூடை சுமந்த என் அம்மாவுக்குக் கிடைத்தது, 2012-ல் கீழே வெள்ளை உடுப்புப் போட்ட எனக்குக் கிடைக்கவில்லை. முதியவர்களுக்கோ, பகலில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிவர ஓர் இடம் இன்றைக்கும் நம் தெருக்கள் பலவற்றில் இல்லை. வார்டு கவுன்சிலர்களிடம் ரோடும் சாக்கடையும் கேட்கிறோம். இதையும் கேட்க வேண்டும்.

காகித விஷயம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2012-ல் வேலையை விட்டபோது ஆறு வருஷ பி.எஃப். பணத்தை எடுத்தேன், கூடவே 10சி படிவத்தில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டேன். பத்து வருஷம் முடிக்காதவர்கள் அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். வாங்கி வைத்தால், திரும்ப வேலைக்குச் சேரும்போது பழைய வருஷங்கள் சேர்ந்துகொள்ளும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷ சேவை வேண்டும். என் ஆறு வருஷம் அப்படியே கரைந்து போனது. வேலையை விடப் போகிற யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அம்மா, அவசரப்பட்டு அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோரிமேட்டில், ஏற்காடு போகிற ரோட்டில் இருக்கிறதே, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம், அங்கே பதிவு செய்தவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். விட்டால் பதிவு மூப்பு போய்விடும். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்கள், ஏழு வருஷத்தில் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று நினைத்துப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். 2021-லிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும். 2011 முதல் வாங்கிய சான்றிதழ்களுக்கும் அது பொருந்தும். எடுத்துத் தூசி தட்டுங்கள்.

2019 ஜூனில் வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தேன். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அம்மா சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "ரெண்டு வாரத்துக்கு உங்க பேருக்கு டூட்டி போடல. இன்னொரு சிஸ்டர் கூடவே நில்லுங்க. முதல்ல பாருங்க, அப்புறம் பண்ணுங்க." சம்பளத்தோடுதான். நான் விட்டுப் போனபோது எங்கள் வார்டில் சொட்டு எண்ணித்தான் குளுக்கோஸ் ஏற்றினோம், இப்போது பம்ப். குறிப்பெல்லாம் கம்ப்யூட்டரில். ஐந்தாம் நாள் ஒரு பாட்டிக்குக் கானுலா, அதாவது நரம்பில் மருந்து ஏற்றுகிற ஊசிக்குழாய், போடச் சொன்னார்கள். வயசான கை, நரம்பு நழுவும். கையில் பட்டையை இறுக்கி, விரலால் தடவினேன். மனசுக்குப் பயம் இருந்தது, விரலுக்கு இல்லை. ஒரே குத்தில் ரத்தம் வந்தது. பாட்டி, "வலிக்கவே இல்ல கண்ணு" என்றார்.

மருத்துவமனைக்கு என்னால் ஆன செலவு இரண்டு வாரச் சம்பளம். அடுத்த வருஷமே கொரோனா வந்தது. அந்த நாட்களில் நான் ஒரு ஷிப்டையும் விடவில்லை. டாடா குழுமம் 2008-லேயே, இடைவெளிக்குப் பிறகு வரும் பெண்களுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் தமிழக அரசு, மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் போலீசாருக்கு மூன்று வருஷம் பெற்றோரோ கணவர் குடும்பமோ இருக்கும் மாவட்டத்திலேயே பணி என்று அறிவித்தது. நம் ஊர் மில்லுக்கும் பள்ளிக்கும் ஆடிட்டர் ஆபீசுக்கும் அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை, இரண்டு வாரம் போதும். என் தோழி ஒருத்தி கணக்கு வேலையை விட்டபோது இருந்தது வாட் வரி. 2017 ஜூலை ஒன்றாம் தேதி ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. லீ பஜாரில் மண்டி வைத்திருக்கும் அண்ணனின் கணக்கை ஆறு மாதம் எழுதிப் பழகிவிட்டுத்தான் அவளால் வேலை கேட்கவே போக முடிந்தது. எல்லாருக்கும் மண்டி வைத்த அண்ணன் இருப்பதில்லை.

இப்போது எங்கள் மருத்துவமனையில் புது ஆள் எடுக்கும்போது என்னையும் உட்கார வைக்கிறார்கள். இடைவெளியோடு வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: "வீட்ல ஒரு நாள் எப்படிப் போகும், சொல்லுங்க." போன வருஷம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். மறதி நோய் வந்த அம்மாவை நாலு வருஷம் பார்த்தவள். முதலில் தயங்கினாள். பிறகு இருபது நிமிஷம் நிறுத்தவில்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னோம், நோட்டு எழுதிவிட்டு.

சேர்ந்த மூன்றாம் நாள், காலை பதினொரு மணி. அவள் போன் அடித்தது, வீட்டிலிருந்து. என் முகத்தைப் பார்த்தாள். "பேசும்மா" என்றேன். கேட்டுவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அம்மா ஊருக்குப் போகணும்னு கதவைத் தட்டுறாங்களா? நாலாம் பக்கம் பாருங்க மாமா. பூ கட்டுற நூலும் கூடையும் எங்க இருக்குன்னு எழுதியிருக்கேன். கையில கொடுத்தா உட்கார்ந்துக்குவாங்க." போனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஆறாம் நம்பர் கட்டிலுக்குப் போனாள்.

வணக்கம்.