ஜூலை விழாக்களும் கங்காரு புல்லும்

வணக்கம் நேயர்களே.

மேற்கு சிட்னியில் வசிக்கும் தமிழர்கள் வாயில் நாள்தோறும் புழங்கும் இரண்டு சொற்கள் பரமட்டா, டூங்காபி. இரண்டும் இப்பகுதியின் பூர்வகுடிகளான தாருக் மக்களின் மொழியிலிருந்து வந்தவை. பரமட்டா என்பதற்குள் விலாங்கு மீன் ஒளிந்திருக்கிறது. ஆற்றில் நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் அந்த இடத்தில் விலாங்கு பிடித்து வாழ்ந்த பரமட்டகல் குலத்தாரின் பெயர்தான் ஊருக்கு ஆகிவந்தது. அந்த விலாங்குகள் இன்றும் இருக்கின்றன. முட்டையிடும் பருவம் வந்தால் ஆற்றை விட்டிறங்கி, வடக்கே பவளக் கடல் வரை நீந்திப் போகின்றன.

ஜூலை மாதத்தில் இந்த மண்ணைப் பற்றிய இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து வரும். முதல் ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை நேய்டாக் வாரம், பூர்வகுடி மக்களின் பண்பாட்டு வாரம். கடைசி ஞாயிற்றுக்கிழமை தேசிய மரநாள், 1996 முதல் நடந்துவருவது. நேய்டாக் கொண்டாட்டமாகப் பிறந்ததல்ல. 1938 ஜனவரி 26 அன்று, வெள்ளையர் குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டை ஊரே கொண்டாடியபோது, பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் கூடி அதைத் துக்க நாளாக அறிவித்தார்கள். அதுதான் இதன் வேர். இதைத் தெரிந்துகொண்டு போனால், மேடையில் பேசுபவரின் குரலில் மகிழ்ச்சியோடு ஏன் ஒரு கனமும் இருக்கிறது என்று புரியும்.

நம் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் இப்போது இந்த நிகழ்வுகளில் சேர்ந்துகொள்கின்றன, சில தாமே நடத்தவும் செய்கின்றன. அதிகம் தடுமாறுவது முதல் ஐந்து நிமிடத்தில்தான். ‘வெல்கம் டு கன்ட்ரி’ வேறு, ‘அக்னாலெட்ஜ்மென்ட்’ வேறு. முன்னது வரவேற்பு. வீட்டுக்காரர்தானே விருந்தாளியை வரவேற்க முடியும்? அந்த மண்ணுக்கு உரிய குலத்தின் மூத்தவரோ, அவர்கள் அனுப்பியவரோ மட்டுமே அதைச் செய்யலாம். குயின்ஸ்லாந்திலிருந்து வந்து சிட்னியில் வாழும் பூர்வகுடிக் கலைஞரை அழைத்து ‘நீங்களே வரவேற்புச் செய்யுங்கள்’ என்றால், அவரைச் சங்கடத்தில் தள்ளுகிறோம். பின்னது மரியாதை செலுத்துவது. அதை யாரும் செய்யலாம், தமிழிலும் செய்யலாம். ‘நாம் கூடியிருக்கும் இந்த மண்ணின் மரபுவழிக் காவலர்களான தாருக் மக்களை வணங்குகிறோம், அவர்களின் மூதாதையருக்கும் இன்றைய மூத்தோருக்கும் எங்கள் மரியாதை’ என்றால் போதும். ஆனால் தாருக் என்று சொல்வதற்கு முன் அரங்கம் உண்மையில் யாருடைய மண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். லிவர்பூல் பக்கம் போனால் பெயர் மாறலாம். வட்டாரப் பூர்வகுடி நில மன்றத்தைக் கேட்டால் தெரிந்துவிடும். மேற்கு சிட்னியின் பெரும்பகுதிக்கு அது டீரபின் மன்றம்.

மூத்தவரை அழைப்பதென்றால் ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாக எழுதுங்கள். நேய்டாக் வாரத்தில் ஒரே மூத்தவர் ஒரு நாளில் மூன்று நான்கு இடம் போகிறார். கட்டணம் என்ன என்று நீங்களே முதலில் கேளுங்கள். நாதஸ்வரக்காரரைச் சும்மா வாசிக்கச் சொல்வோமா? வாகனம் நிறுத்த இடம், உட்கார நாற்காலி, குடிக்க ஏதாவது, இவ்வளவையும் பார்த்துவையுங்கள். ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்று அவரை அறிமுகப்படுத்தினால் அப்படியே அழையுங்கள். அது அவருடைய சமூகம் கொடுத்த மரியாதை. நரைத்த தலையைப் பார்த்து நாமாகச் சூட்டுவதல்ல. புகைச் சடங்கு இருந்தால், பச்சை இலைகளைத் தணலில் போட்டுப் புகை எழுப்புவார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் காற்று வரும் பக்கமாக நின்றுகொள்ளுங்கள். முழுத் தீத்தடை அறிவித்த நாளென்றால் சடங்கு நடக்கலாமா என்று முன்னதாகவே தீயணைப்புத் துறையிடம் கேட்டுவிடுவது நல்லது.

‘கன்ட்ரி’ என்பதை ‘நாடு’ என்று மொழிபெயர்த்தால் கடவுச்சீட்டுதான் நினைவுக்கு வருகிறது. ‘திணை’ என்று நினைத்துக்கொண்டால் சற்று நெருங்கலாம். நிலமும் பொழுதும், அங்குள்ள மரம், பறவை, மனிதர், தெய்வம் எல்லாம் ஒரே கட்டுக்குள். பொழுதுக் கணக்கில் இன்னும் ஓர் ஒற்றுமை உண்டு. தாராவல் என்ற பூர்வகுடி மக்களின் மூத்தவரும் தாவரவியலாளருமான பிரான்சிஸ் பாட்கின் பதிவுசெய்துள்ள சிட்னிப் பகுதி நாட்காட்டியிலும் பருவங்கள் ஆறு. கார், கூதிர் என்று நாம் எண்ணுவதும் ஆறுதான்.

நிகழ்ச்சித் திடலில் பலர் எதிர்பார்ப்பது டிட்ஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலும் புள்ளி ஓவியமும். டிட்ஜெரிடூ வடக்கே ஆர்னம் லேண்ட் பகுதிக்கு உரியது. கேன்வாசில் வரையும் புள்ளி ஓவியம் 1970களின் தொடக்கத்தில் மத்தியப் பாலைவனத்தில் பப்பன்யாவில் எழுந்தது. சிட்னிக்குச் சொந்தமானவை தாளக் கோல்கள், பாறைச் செதுக்கல்கள், நார் வேலை. நார் முடையும் கூடாரத்தைக் கண்டால் உட்கார்ந்துவிடுங்கள். பனையோலை முடைந்த கைகளின் பேரப்பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

அங்கே பெரும்பாலும் பயன்படுவது லொமான்ட்ரா. சாலையோரத்திலும் ரவுண்டபவுட் நடுவிலும் மாநகர சபை நட்டுவைத்திருக்கிற நீள இலைக் கொத்து. இலையை வெளிச்சுற்றிலிருந்து மட்டும் உருவ வேண்டும். நடுக்குருத்தைத் தொட்டால் கொத்து வளர்ச்சி குன்றும். பறித்ததை நிழலில் ஒன்றிரண்டு வாரம் உலர்த்தி, முடைவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி ஒரு மணி நேரமாவது வைக்கவேண்டும். பச்சையாகவே முடைந்தால் அன்றைக்கு இறுக்கமாக, அழகாக இருக்கும். இரண்டு வாரத்தில் இலை காய்ந்து சுருங்க, சுற்றுகள் தளர்ந்து கூடை ஆட்டம் காணும். முதன்முறை செய்பவர்களின் கூடைகள் கெடுவது பெரும்பாலும் இதனால்தான். கயிறு திரிக்கும்போது இரண்டு இழையையும் ஒரே பக்கம் முறுக்கி, எதிர்ப்பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று போட வேண்டும். இழை தீரும்போது புதிய இழையைச் சேர்ப்பதில் ஒரு கவனம் வேண்டும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் முடியக்கூடாது. ஒன்றை நான்கு விரற்கடை குட்டையாக வைத்தே தொடங்குங்கள். இல்லாவிட்டால் சேர்ப்பு இரண்டும் ஒரே இடத்தில் விழும், கயிறு அங்கேதான் அறும்.

சாப்பாட்டுக் கூடாரத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. வாரிகல் கீரை நம் நாக்குக்கு மிகவும் பிடிக்கும், பருப்போடு கடைந்தால் பசலையை மறக்கச் செய்யும். ஆனால் அதில் உடலுக்கு ஒவ்வாத ஆக்சலேட் அதிகம். கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். ‘சத்து போய்விடும்’ என்று கீரைத் தண்ணீரை ரசத்தில் ஊற்றும் நல்ல பழக்கம் இங்கே செல்லாது.

இனி மரநாள். ‘மரம் நடுவோம், மழை பெறுவோம்’ என்று பழகிய நமக்கு இங்கே சற்று அதிர்ச்சி காத்திருக்கிறது. மேற்கு சிட்னி அமைந்திருக்கும் கம்பர்லாந்து சமவெளியில் நடக்கும் காட்டு மறுசீரமைப்பில் மரம் குறைவு, புல்தான் அதிகம். இந்தச் சமவெளியின் இயல்பான காடு அடர்காடல்ல. கிரே பாக்ஸ், ஃபாரஸ்ட் ரெட் கம், அயர்ன்பார்க் என்ற யூகலிப்டஸ் வகைகள் இடைவெளி விட்டு நிற்க, அடியில் முட்கள் கொண்ட பர்சேரியாப் புதர், அதற்கும் கீழே கங்காரு புல். இப்படிப்பட்ட காட்டில் பத்தில் ஒரு பங்குகூட இன்று மிஞ்சவில்லை. 2009இல் மத்திய அரசு இதைக் கடும் அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தது. எனவே ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து புல் நாற்று, பல மீட்டருக்கு ஒரு மரம் என்று கொடுத்தால், ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

வீட்டிலிருந்து கன்று கொண்டுவருவதும் வேண்டாம். உதகையிலும் கொடைக்கானலிலும் சோலைப் புல்வெளிகளை விழுங்கிய சீகை மரம் இங்கிருந்து போன வாட்டில்தான். இங்கே அதற்குப் பூச்சியும் போட்டியும் உண்டு, அங்கே இல்லை. இன்னொரு பக்கம், நம் ஊரில் உண்ணிச்செடி என்கிற லன்டானா இரண்டு நாட்டையும் பிடித்துக்கொண்டது, அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கங்காரு புல் மட்டும் யாரும் கொண்டுபோகாமலே இரண்டு இடத்துக்கும் சொந்தம்: மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளிகளிலும் அதே இனம் வளர்கிறது.

நாற்று சதுரமான சிறு குழாய்ச் சட்டியில் வரும். ஐந்து சென்டிமீட்டர் அகலம், பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரம். முதலில் அதை வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வருவது நின்றதும் எடுங்கள். காய்ந்த நாற்றை மண்ணில் வைத்து மேலே எவ்வளவு ஊற்றினாலும் நடுவேரில் ஈரம் ஏறாது. குழி, சட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும். மேற்கு சிட்னி மண் களிமண். ஈரமாக இருக்கும்போது இயந்திரத் துளைப்பானால் குழி போட்டால் சுவர் வழவழவென்று பானை உள்பக்கம் போல ஆகிவிடும். வேர் அதைத் துளைக்க முடியாமல் வட்டமடித்து, கோடையில் செடி சாயும். மண்வெட்டி நுனியால் சுவரைக் கீறிவிடுங்கள். குழியை நீரால் நிரப்பி, வடிந்த பிறகு நடுங்கள்.

தண்டை இரு விரலுக்கிடையில் பிடித்துச் சட்டியைக் கவிழ்த்துத் தட்டினால் நாற்று கழன்று வரும். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். சட்டி மண்ணின் மேல்மட்டம் தரைக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும், அதன்மேல் அங்குள்ள மண்ணை மெல்லியதாகத் தூவ வேண்டும். சட்டி மண் வெளியே தெரிந்தால் விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல ஈரத்தை மேலே இழுத்துக் காற்றில் விட்டுவிடும். அதற்காக ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகும். கையால் அழுத்துங்கள், சப்பாத்துக் காலால் மிதிக்காதீர்கள். சுற்றிப் பாத்தி கட்டி மூன்று முதல் ஐந்து லிட்டர் தண்ணீர். பட்டைத் தூள் மூடாக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் தடிப்பில், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

உரம் வேண்டாம். சாணமும் வேண்டாம். பாங்சியா, கிரெவில்லியா போன்ற இந்த மண்ணின் செடிகளின் வேர்கள் பாஸ்பரஸ் குறைந்த மண்ணில் துளித்துளியாகத் தேடி எடுக்கப் பழகியவை. அள்ளிக் கொடுத்தால் அளவு தெரியாமல் உறிஞ்சி, இலை கருகிச் செத்துப்போகும். மிச்சமான உரத்தில் களை கொழுக்கும். சப்பாத்துச் சேற்றைத் தேய்த்துக் கழுவிவிட்டு வாருங்கள். வேரழுகல் நோய்க்கிருமி சேற்றில்தான் பயணம் செய்கிறது. விழுந்துகிடக்கும் கட்டைகளைச் ‘சுத்தம்’ செய்யாதீர்கள். அடியில் கம்பர்லாந்து நத்தை இருக்கலாம், பூசணம் தின்று வாழும் அழிவாபத்து உயிர். உங்கள் கீரைப் பாத்தியை மொட்டையடிக்கும் தோட்ட நத்தை அல்ல. தோண்டும்போது கூர்விளிம்புள்ள கற்சில்லு கிடைத்தால் எடுக்காமல் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அது மனிதர் கொத்திய கருவியாக இருக்கலாம். பூர்வகுடிப் பொருள்களுக்குச் சேதம் செய்வதை 1974ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

உண்ணிச்செடியைப் பார்த்ததும் கை பரபரக்கும். முழுவதையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். நீல ரென் குருவிக்கு அந்த முட்புதர்தான் இப்போது வீடு. ஓடைக்கரை மண்ணையும் அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. சிட்னியின் பிராட்லி சகோதரிகள் 1960களில் உருவாக்கிய முறையில், நல்ல காடு மிஞ்சிய இடத்தில் தொடங்கிக் களை மண்டிய இடத்தை நோக்கி மெல்ல நகர வேண்டும். நம் பொதுப்புத்தி மோசமான இடத்தில் தொடங்கச் சொல்லும், அங்கேதான் தோற்போம்.

சில இடங்களில் மரபுவழித் தீயிடலைச் செய்துகாட்டுவார்கள். கங்காரு புல்லைப் பல ஆண்டு தீயோ வெட்டோ படாமல் விட்டால் தன் பழைய தாளிலேயே மூச்சுமுட்டிக் கொத்து சரியும். குளிர்ந்த தீ என்பார்கள்: சுவாலை முழங்காலுக்குக் கீழே, நகர்வது நடந்து போகும் வேகத்தில், புகை வெள்ளையாக. மரக் கிளை கருகக்கூடாது. திட்டுத்திட்டாக எரிவதால் பல்லியும் பூச்சியும் எரியாத பக்கம் ஒதுங்க வழி கிடைக்கும். எப்போது கூடாது என்பதும் அந்த அறிவுக்குள் அடக்கம். பாட்கின் நாட்காட்டியில், கோடையில் இம்ப்லெக்சா வாட்டில் பூத்தால் காட்டில் தீ மூட்டக்கூடாது, மணற்பரப்பில் மட்டும்தான். இன்றைய சட்டமும் பொதுவாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை அனுமதியில்லாத தீயைத் தடுக்கிறது. பார்த்துவிட்டுப் பின்கட்டில் முயன்றுபார்க்க வேண்டாம்.

நட்ட செடிகள் சாவது ஜூலையில் அல்ல, டிசம்பரில். படம் எடுத்துவிட்டுப் போனவர்களுக்கு அது தெரிவதில்லை. முதல் இரண்டு மாதம் மழையில்லாத வாரத்தில் ஒருமுறை தண்ணீர். சிறுகச் சிறுக அல்ல, ஒரே முறையில் ஐந்து லிட்டர், அப்போதுதான் வேர் கீழே இறங்கும். அக்டோபரில் ஒரு நாள் காலையில் போய், செடியைச் சுற்றி மாட்டிய பிளாஸ்டிக் காப்புறைக்குள் கையை விட்டுப் பாருங்கள், களைப்புல் செடியைவிட உயரமாக நிற்கும். பிடுங்கி அங்கேயே மூடாக்காகப் போடுங்கள், விதை பிடித்திருந்தால் மட்டும் பையில் கட்டி எடுத்துப் போங்கள். உங்கள் மாநகர சபையில் மாதம் ஒருமுறை கூடும் புஷ்கேர் என்ற காடு பராமரிக்கும் தன்னார்வக் குழு இருந்தால் அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்; தனியாகப் போய்க் களை என்று நினைத்துக் கங்காரு புல்லையே பிடுங்கியவர்கள் உண்டு. செடி காப்புறைக்கு மேலே தலைநீட்டியதும், ஒன்றிரண்டு ஆண்டில், பிளாஸ்டிக்கையும் முளைக்கம்பையும் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் அடுத்த வெள்ளத்தில் அவை டூங்காபி ஓடை வழியாக விலாங்குகளிடம் போய்ச் சேரும்.

நன்றி, வணக்கம்.