கல்லாவில் யார் உட்காருவது?

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சிக்கும், இந்தப் பனியிலும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களுக்கும் வணக்கம்.

தொழில் குடும்பங்களை உடைப்பது சொத்தா, அதிகாரமா? சொத்துதான் என்றார் அண்ணாச்சி. "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். வயிறு எவ்வளவு பிடிக்கும் அண்ணாச்சி? வயிற்றுக்காக அடித்துக்கொள்கிறவன் பந்தி முடிந்ததும் கை கழுவ எழுந்துவிடுவான். நான் சொல்லப்போகும் குடும்பங்களில் பத்துத் தலைமுறைக்கு யார் வயிறும் காயாது. அங்கேயும் ஏன் சண்டை?

முதலில் என் வீட்டைச் சொல்கிறேன். தாத்தாவுக்குக் கடைவீதியில் ஒரு மளிகைக்கடை. அவர் காலமானதும் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தார்கள். வயல், வீடு, பாட்டி நகை எல்லாம் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. "தம்பிக்குச் சின்னச் சின்னப் பிள்ளைங்க, கிணத்து வயலை அவனே எடுத்துக்கட்டும்" என்று அப்பா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கடையை மட்டும் பிரிக்கவில்லை. சேர்ந்து நடத்துவது, ராத்திரி வரவை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது என்று பேச்சு. அப்பா கல்லாவில், சித்தப்பா எடைத் தராசில். ஒருநாள் மொத்த வியாபாரி ஒருவர் வந்தார். தராசில் நின்ற சித்தப்பாவைப் பார்த்து, "முதலாளி இல்லையா?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் கல்லாச் சாவி சித்தப்பா இடுப்பில் இருந்தது. அதன்பிறகு ஒன்பது வருஷம் இருவருக்கும் பேச்சில்லை. ராத்திரிப் பணத்தைக் கணக்குப்பிள்ளைதான் எண்ணிக் கொடுப்பார். அந்த ஒன்பது வருஷத்தில் கணக்கில் ஒரு ரூபாய் இடிக்கவில்லை, நடுவர் அவர்களே. இடித்தது அந்த ஒரு வார்த்தை.

மளிகைக்கடைக்குச் சரி, மாளிகைக்கு? அம்பானி வீட்டுக்குப் போவோம். ஏடனில் வேலை பார்த்துவிட்டு வந்த திருபாய் அம்பானி, நாட்டின் மிகப்பெரிய தனியார் நிறுவனங்களில் ஒன்றாக ரிலையன்ஸைக் கட்டி எழுப்பினார். 2002 ஜூலை 6ஆம் தேதி இறந்தார். உயில் எழுதி வைக்கவில்லை. உயில் இல்லாத சொத்து என்றால் உடனே சண்டை வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மூத்தவர் முகேஷ் தலைவர், இளையவர் அனில் துணைத் தலைவர் என்று இரண்டு வருஷம் வண்டி ஓடியது. 2004 ஜூலையில் இயக்குநர் குழு ஒரு தீர்மானம் போட்டது. துணைத் தலைவர் இனித் தலைவரின் ஒட்டுமொத்த அதிகாரத்துக்கு உட்பட்டுச் செயல்படுவார் என்பதுதான் அதன் சாரம். பங்கில் ஒன்று குறைந்ததா? இல்லை. "உட்பட்டு" என்ற அந்தச் சொல்தான் தம்பியைக் கொதிக்க வைத்தது. என் சித்தப்பா காதில் விழுந்த அதே சொல், வேறு உடுப்பில்.

நவம்பரில் விரிசல் ஊருக்குத் தெரிந்தது. 2005 ஜூன் 18ஆம் தேதி தாயார் கோகிலாபென் முன்னின்று பிரித்துவிட்டார். எண்ணெய், பெட்ரோகெமிக்கல் அண்ணனுக்கு. தொலைபேசி, மின்சாரம், நிதி தம்பிக்கு. ஒருவர் தொழிலில் மற்றவர் நுழையக் கூடாது என்று ஒப்பந்தமும் ஆயிற்று. எதிரணி சொல்வதுபோல் சொத்துதான் நோய் என்றால் அன்றோடு நோய் தீர்ந்திருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு ஃபோர்ப்ஸ் உலகப் பணக்காரர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 43 பில்லியன் டாலரோடு அண்ணன் ஐந்தாம் இடம். 42 பில்லியனோடு தம்பி ஆறாம் இடம். உலகம் முழுக்கத் தேடினாலும் இவர்களைவிடப் பணக்காரர்கள் நாலே பேர்! அதே ஆண்டுதான், தென்னாப்பிரிக்காவின் எம்டிஎன் தொலைபேசி நிறுவனத்தோடு தம்பி கைகோக்கப் போனபோது, "தம்பியின் தொலைபேசிக் கம்பெனிப் பங்குகளை முதலில் வாங்கும் உரிமை எங்களுக்கு" என்று அண்ணன் தரப்பு குறுக்கே நின்றது. பேச்சு முறிந்தது. அந்த இணைப்பு நடந்திருந்தால் அண்ணன் வீட்டு உலையில் ஒரு படி அரிசி குறைந்திருக்குமா?

"எரிவாயு வழக்கை மறைக்கிறீரே" என்று அண்ணாச்சி முணுமுணுப்பது கேட்கிறது. மறைக்கவில்லை. அண்ணன் கம்பெனி எடுக்கும் கிருஷ்ணா கோதாவரிப் படுகை எரிவாயுவை யூனிட்டுக்கு 2.34 டாலர் விலையில் 17 ஆண்டு தர வேண்டும் என்றது தம்பி தரப்பு. அரசு ஒப்புக்கொண்ட 4.20 டாலருக்குக் குறைத்துத் தர முடியாது என்றது அண்ணன் தரப்பு. மும்பை உயர் நீதிமன்றத்தில் தம்பி பக்கம் தீர்ப்பு. 2010 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் அண்ணன் பக்கம் தீர்ப்பு. இது கோடிக்கணக்கான பணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வழக்கு எங்கே முளைத்தது? பாகப்பிரிவினைக்குப் பிறகு. உடைந்த வீட்டின் விரிசலில் முளைத்த ஆலஞ்செடியைக் காட்டி, இதுதான் வீட்டை உடைத்தது என்று சொன்னால் எப்படி?

அண்ணாச்சி நம்ப மாட்டார், இன்னொரு வீட்டுக்கு வாருங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் சின்ன வயசில் பாரிஸ் மிட்டாய் தின்று வளர்ந்தவர்கள். அந்த மிட்டாய்க் கம்பெனியை 2004இல் வாங்கியது கொரியாவின் லோட்டே குழுமம். அதை நிறுவிய ஷின் கியுக்-ஹோ, 1948இல் டோக்கியோவில் சூயிங்கம் விற்றுத் தொடங்கியவர். 2015 ஜூலையில், தொண்ணூறு வயது தாண்டிய அந்த மனிதரை மூத்த மகன் சியோலிலிருந்து டோக்கியோவுக்கு அழைத்துப் போனார். அங்கே அப்பாவின் வாயாலேயே தன் தம்பி உட்பட இயக்குநர்களை நீக்குவதாக அறிவிக்க வைத்தார். மறுநாளே தம்பி இயக்குநர் குழுவைக் கூட்டினார். அண்ணன் போட்ட உத்தரவு செல்லாது என்றார்கள். கூடவே அப்பாவையும் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். பெற்றவரை நாற்காலியிலிருந்து இறக்கிய அந்த ஒரு நாளில் யாரும் யாருடைய பணத்தையும் எடுக்கவில்லை. அந்தப் பெரியவர் அன்று ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார் என்று நினைத்தால் எனக்கு மனசு தாங்கவில்லை.

அந்த மிட்டாய்க் கம்பெனியை விற்றது நம் சென்னை முருகப்பா குழுமம். 1900இல் பர்மாவில் கொடுக்கல் வாங்கலாகத் தொடங்கி ஒற்றுமைக்குப் பேர்போன குடும்பம். அந்தக் குழுமத்தின் தலைவராக இருந்த எம்.வி. முருகப்பன் 2017இல் மறைந்தார். இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவர் வள்ளி அருணாச்சலம், அணுசக்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அவர்கள் கிளைக்கு 8 சதவீதத்துக்கு மேல் பங்கு. அந்தப் பங்கு உங்களுடையது இல்லை என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. இயக்குநர் குழுவில் ஓர் இடம் கொடுங்கள், இல்லாவிட்டால் எங்கள் பங்கை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அவர். 2020 செப்டம்பரில் பொதுக்குழுவில் ஓட்டுக்கு விட்டார்கள். 91 சதவீதத்துக்கு மேல் எதிர் ஓட்டு. பெண் என்பதால்தான் மறுக்கிறார்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். குடும்பத்துக்குள் உடன்பாடு வர 2023 ஆகஸ்ட் ஆயிற்று.

அண்ணாச்சி எழுந்து, "பங்கை வாங்கிக்கொள் என்றதும் பணம்தானே" என்பார். முதலில் கேட்டது எது என்று பாருங்கள். அப்பா உட்கார்ந்த மேசையில் ஓர் இடம். அது கிடைக்காதவர்தான் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறேன் என்பார். இங்கே முன்வரிசையில் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மகளுக்குச் சீர் கொடுக்கும்போது வராத தயக்கம், கடைச் சாவியைக் கொடுக்கும்போது ஏன் வருகிறது?

மணி அடித்துவிட்டது. ஒரு நிமிஷம் கொடுங்கள் நடுவர் அவர்களே. அம்பானி வீட்டுக் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. 2019இல் தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் எரிக்சன் நிறுவனத்துக்கு பாக்கியைக் கட்டாவிட்டால் மூன்று மாதச் சிறை என்று அனில் அம்பானிக்கு உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. கெடுவுக்கு முந்தின நாள் பணம் கட்டப்பட்டது. துணை நின்ற அண்ணனுக்கும் அண்ணிக்கும் அனில் பகிரங்கமாக நன்றி சொன்னார். எந்தக் கணக்கில் கொடுத்தார்கள் என்பது அவர்கள் பாடு. ஆனால் 2.34க்கும் 4.20க்கும் உச்ச நீதிமன்றம் வரை போன அதே குடும்பம் இது. தம்பியின் தொலைபேசிக் கம்பெனி அப்போது திவால் வழக்கில் கிடந்தது. போட்டி போட நாற்காலியே மிச்சமில்லை. அப்போது காசு தானாக வந்தது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கடையை மூடிய வருஷம் என் அக்கா கல்யாணம். மண்டப வாடகையைச் சித்தப்பா யாரிடமும் சொல்லாமல் கட்டிவிட்டு வந்தார். அப்பா பந்தியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த ஒன்பது வருஷம் இது ஏன் நடக்கவில்லை என்று எதிரணி அண்ணாச்சி சொல்லிவிட்டு உட்காரட்டும்.