சித்தியும் பல் டாக்டர் நாற்காலியும்

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், நடுவில் காக்கா கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு என் சித்தி கதை, அதை வைத்து மனக்காயம் பட்டவர்களை எப்படிக் கவனிப்பது என்று கொஞ்சம் பேச்சு. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன், பேர் மட்டும் வேண்டாம் என்றார். ஊர் நாகப்பட்டினம் பக்கம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்கக் கரைக்குப் போனவர் அலையில் மாட்டிக்கொண்டார். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள், சித்தி ஒரு வேலிக்காத்தான் புதரில் சிக்கிப் பிழைத்தார். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று ஊரே சொன்னது, நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

போன வருடம் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால். நாற்காலியைப் பின்னால் சாய்த்து வாயில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், அவ்வளவுதான், சித்தி டாக்டர் கையைத் தட்டிவிட்டு செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார். உள்ளே, "இந்த வயசில் ஊசிக்குப் பயமா" என்று ஒரு சிரிப்பு. நானும் சும்மா இருக்கவில்லை, ஆட்டோவில் வழி முழுக்கத் திட்டினேன். சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார், மூக்கில் ஒன்றுமே இல்லை. ராத்திரிதான் சொன்னார், "உப்புக் கரிச்சுதுடி" என்று. அது குழாய்த் தண்ணீர்.

இதற்குத்தான் டிராமா என்று பேர், நாடகம் இல்லை, ஆறாத மனக்காயம். பெரிய ஆபத்தில் பதிகிற நினைவு கதையாக மட்டும் பதிவதில்லை, வாசனையாக, ருசியாக, மூச்சு முட்டலாகவும் பதிகிறது. அதே மாதிரி ஒன்று எதிர்ப்பட்டால், யோசிக்கிற மூளை விழித்துக்கொள்வதற்குள், மூளைக்குள் ஆபத்தைக் கண்காணிக்கிற அமிக்டலா என்ற பகுதி அபாய மணியை அடித்துவிடுகிறது. இருபது வருடம் ஆகிவிட்டதே என்று நாம் சொல்கிறோம், உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்கு இதே கதிதான், அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980இல்தான் இதை ஒரு நோயாக, பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்) என்று, தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள்.

சரி, இப்படிப்பட்டவர்களுக்காக டிராமா இன்ஃபார்ம்டு கேர் என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன? டிராமாவைக் குணப்படுத்துகிற சிகிச்சை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், இல்லை. அதற்குத் தனியாக மனநல நிபுணரோடு பேசிச் செய்கிற சிகிச்சை இருக்கிறது, கண்ணை இரு பக்கமும் அசைக்க வைத்துச் செய்கிற இஎம்டிஆர் இருக்கிறது. இது பல்லுக்கோ பிரசவத்துக்கோ ரேஷன் கார்டுக்கோ வந்த ஆள் மறுபடி அடிபடாமல் பார்த்துக்கொள்கிற விதம். அமெரிக்க அரசின் மனநல அமைப்பான சாம்சா 2014இல் இதற்கு வழிமுறை எழுதியது: பாதுகாப்பு, நம்பிக்கை, முடிவில் அவருக்கும் பங்கு, இப்படிப் போகும். "உனக்கு என்ன கோளாறு" என்று கேட்காமல் "உனக்கு என்ன நடந்தது" என்று யோசிப்பது.

யோசிப்பது என்றுதான் சொன்னேன், தோண்டுவது இல்லை. நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு, "எல்லாத்தையும் கொட்டிடு, மனசு லேசாகும்" என்று துக்க வீட்டிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். பேரிடர் நடந்த கையோடு ஆளை உட்காரவைத்து நடந்ததை எல்லாம் சொல்ல வைக்கிற முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. அவராகப் பேசினால் கேளுங்கள். சோறு, தூக்கம், பக்கத்தில் ஒரு ஆள், முதலில் அது. தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள்.

அப்புறம் வேறொரு டாக்டர் கிடைத்தார். சித்தியைக் கேட்டுவிட்டு நான் முன்கூட்டியே ஒரே வரிதான் சொன்னேன், தண்ணீரில் மாட்டியவர் என்று. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நாற்காலியைப் பாதிதான் சாய்த்தார், ஒவ்வொன்றையும் செய்யும் முன்னால் சொன்னார், "இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் அம்மா" என்றார். சித்தி மொத்தம் நான்கு தடவை தூக்கினார். முதல் தடவை சித்திக்கு ஒன்றுமே செய்யவில்லையாம், நிஜமாகவே நிறுத்துகிறாரா என்று பார்த்தாராம்.

நிறுத்தினார்.