அகராதியில் இருந்த வௌவால்

நேயர்களுக்கு வணக்கம். சினிமா முடிந்ததும் திரையில் வரிசையாகப் பெயர்கள் ஓடுமே, அந்த நேரத்தில் நீங்கள் காலால் செருப்பைத் துழாவுகிற ஆளா, உட்கார்ந்து படிக்கிற ஆளா? நான் படிக்கிற ஆள். அதற்குள் வண்டி எடுக்கிற இடத்தில் கூட்டம் சேர்ந்துவிடும், வீட்டில் திட்டு விழும். இருந்தாலும் அந்தப் பழக்கத்தை விட முடியவில்லை. அதற்குக் காரணம் பில் பிங்கர்.

வௌவால் வேஷத்தில் வருகிற காமிக்ஸ் கதாநாயகன் பேட்மேனைத் தெரியாத பிள்ளைகள் இல்லை. பிங்கரைத் தெரிந்த பெரியவர்களே குறைவு. 1914இல் அமெரிக்காவின் டென்வரில் பிறந்து, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவர். செருப்பு விற்கிற வேலை பார்த்தார், கதை எழுத ஆசைப்பட்டார். ஒரு விருந்தில் பாப் கேன் என்ற ஓவியர் அறிமுகமானார். கேன் படம் போடுவார், இவர் கதை எழுதித் தருவார் என்று ஏற்பாடு.

1938இல் சூப்பர்மேன் காமிக்ஸ் வந்து சக்கைப்போடு போட்டது. உடனே பதிப்பகத்துக்கு அதே மாதிரி இன்னொருவன் வேண்டும். கேன் ஒன்றை வரைந்து கொண்டுவந்து பிங்கரிடம் காட்டினார். இதைக் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்து பாருங்கள்: சிவப்பு உடுப்பு, கண்ணைச் சுற்றி மட்டும் சின்னதாய் ஒரு முகமூடி, முதுகில் பலகை மாதிரி விறைப்பாக இரண்டு இறக்கை. கையுறை கிடையாது. நாடகத்துக்கு வேஷம் கட்டிய பையன் மாதிரி இருந்திருக்கும்!

பிங்கர் என்ன செய்தார் தெரியுமா? அலமாரியிலிருந்து அகராதியை எடுத்தார். அதில் வௌவால் படம் இருந்தது. காதைப் பார் என்றார். காது வைத்த முகமூடியால் தலையை மூடச் சொன்னார். கண்மணி தெரியக் கூடாது, வெள்ளையாக இருக்கட்டும் என்றார். விறைத்த இறக்கைக்குப் பதிலாகக் காற்றில் விரிகிற மேலங்கி, கைக்கு உறை, சிவப்பை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறம். இன்று தெருவில் விற்கிற பிளாஸ்டிக் முகமூடி வரைக்கும் அந்தச் சின்னக் காது நிற்கிறதே, அது அந்த அகராதிப் பக்கத்திலிருந்து வந்தது.

1939இல் முதல் கதை அச்சானது. எழுதியவர் பிங்கர். அச்சில் இருந்த பெயர் பாப் கேன்.

முகமூடியைக் கழற்றினால் பேட்மேனுக்குப் பெயர் புரூஸ் வெய்ன். அந்தப் பெயரும் பிங்கர் வைத்தது. ஸ்காட்லாந்து அரசன் ராபர்ட் புரூஸிடமிருந்து பாதி, அமெரிக்கத் தளபதி அந்தோணி வெய்னிடமிருந்து பாதி. கதை நடக்கிற ஊருக்குப் பெயர் கிடைக்காமல் தொலைபேசி டைரக்டரியைப் புரட்டினார். காத்தம் என்ற பெயரில் ஒரு நகைக்கடை கண்ணில் பட்டது. சரி, இதுதான் ஊர் என்று முடிவு செய்தார். (டைரக்டரி என்றால் என்ன என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் நீங்கள்தான் விளக்க வேண்டும்.) இதற்கும் அச்சில் இருந்த பெயர் பாப் கேன்.

எனக்குப் பிடித்தது அவருடைய நோட்டுப் புத்தகங்கள். எங்கே எந்த விசித்திரமான தகவல் கிடைத்தாலும் குறித்து வைப்பார். அதனால்தான் அந்தக் காலக் கதைகளில் சண்டை சும்மா தெருவில் நடக்காது. வீடு அளவு பெரிய தட்டச்சு இயந்திரத்தின் மேல் நடக்கும். கதாநாயகன் எழுத்து எழுத்தாகத் தாவி ஓடுவான். இவ்வளவு யோசித்தால் கதை நேரத்துக்கு வருமா? வராது. தாமதமாகத் தருகிறவர் என்று பெயர் வாங்கினார். அந்த ஒரு பெயர்தான் அப்போது அவருக்குக் கிடைத்தது.

அச்சில் ஏன் பிங்கர் பெயர் இல்லை? கேன் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர், பிங்கர் போடாதவர். 1965இல் நியூயார்க்கில் காமிக்ஸ் ரசிகர்கள் கூட்டம் ஒன்றில், பேட்மேன் உருவானதில் தன் பங்கு என்ன என்று பிங்கர் பேசினார். ஜெர்ரி பெயில்ஸ் என்ற ரசிகர் அதைக் கட்டுரையாக எழுதினார். கேனுக்குக் கோபம் வந்து மறுப்புக் கடிதம் எழுதினார். பிங்கர் 1974இல் காலமானார். பிங்கர் பெயரைப் போடாததற்காக, 1989இல் தன் சுயசரிதையில்தான் கேன் வருத்தப்பட்டு எழுதினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். மார்ட்டின் நோடெல் என்ற ஓவியரோடு பிங்கர் 1940இல் உருவாக்கிய கிரீன் லான்டர்ன் என்ற இன்னொரு கதாநாயகன் பற்றி இரண்டு பக்கம் வைத்திருந்தேன், மடித்து வைத்துவிடுகிறேன். 1966இல் தொலைக்காட்சித் தொடருக்கு ஒரு நண்பரோடு சேர்ந்து எழுதிய பேட்மேன் கதையில் மட்டும் அவர் பெயர் வந்தது; அதில் வில்லன் கடிகார வெறியன், என் நிலைமையைப் பார்த்தீர்களா!

அப்புறம், மார்க் டைலர் நோபல்மன் என்ற எழுத்தாளர் விடாமல் தேடிப் பிங்கரின் பேத்தியைக் கண்டுபிடித்தார். குடும்பம் உரிமை கேட்டது. 2015இல் பதிப்பகம் இறங்கி வந்தது. அடுத்த ஆண்டு வந்த திரைப்படத்தில் அந்த வரி வந்தது: உருவாக்கியவர் பாப் கேன், பில் பிங்கருடன். அந்த 'உடன்' எனக்கு இன்னும் உறுத்துகிறது. 'மற்றும்' என்று போட்டிருக்கலாம்.

ஒன்றே ஒன்று சொல்லி விடுகிறேன். பிங்கரின் அஸ்தியை அவர் மகன் ஒரிகன் கடற்கரைக்குக் கொண்டுபோய், மணலில் வௌவால் வடிவத்தில் தூவினார். வணக்கம்.